லொக்பேக்கா, லொக்4ஜேயா? ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனுக்கு ஓர் ஒப்பீடு

கொழும்பில் ஜாவாவில் வேலை செய்யும் டீம் ஒன்று புதிய ப்ரொஜெக்ட் தொடங்கும்போது டேட்டாபேஸ் எது, க்ளவுட் எது என்று நாள்கணக்கில் கதைக்கும். லொகிங் (அப்ளிகேஷன் தான் செய்வதை வரி வரியாகப் பதிந்து வைப்பது) என்று வந்ததும் யாரோ ஒருவர் பழைய ப்ரொஜெக்ட்டிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றைக் கொப்பி பண்ணிப் போடுவார். அத்தோடு விஷயம் முடிந்துவிடும். அந்தக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிரச்சினை வந்து இரவு பதினொரு மணிக்கு லொக்கைத் தேடும்போதுதான், தேவையான வரி அதில் இல்லை என்பது தெரியவரும்.

அதனால் எந்த லொகிங் லைப்ரரி என்ற முடிவைக் கொஞ்சம் நிதானமாக எடுக்கலாம் என்று நினைக்கிறேன். பேச வசதியாக ஓர் அப்ளிகேஷனை முன்னால் வைத்துக்கொள்வோம்: வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்களுக்கு சீட் பதிவு செய்யும் வெப் அப்ளிகேஷன். ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட்டில் எழுதியது. சாதாரண நாளில் அமைதியாக ஓடும். தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் முன்னால் ஒரே நேரத்தில் எல்லோரும் வந்து விழுவார்கள். பெயர்கள் தமிழிலும் வரும், சிங்களத்திலும் வரும், ஆங்கிலத்திலும் வரும்.

முதலில் ஜாவாவோடு கூடவே வரும் லொகிங். மேலதிகமாக எந்த ஜாரும் (லைப்ரரிக் கோப்பும்) தேவையில்லை என்பதுதான் அதன் ஒரே பெரிய நன்மை. லெவல்களின், அதாவது வரியின் முக்கியத்துவ அளவுகளின், பெயர்களே வேறு: சிவியர், வோர்னிங், கொன்ஃபிக், ஃபைன், ஃபைனர், ஃபைனஸ்ட். சிறிய கமாண்ட்லைன் கருவிக்குப் போதும். வெப் அப்ளிகேஷனுக்கு இதை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஆகவே மிச்சம் இரண்டு: லொக்பேக், லொக்4ஜே 2.

இரண்டுக்கும் ஒரே பூர்வீகம். முதல் லொக்4ஜேயை எழுதிய செக்கி குல்ச்சுதான் பிறகு எஸ்எல்எஃப்4ஜேயையும் லொக்பேக்கையும் எழுதினார். லொக்4ஜே 2 அப்பாச்சியின் கீழ் ரால்ஃப் கோர்ஸ் தொடங்கி, 2014இல் நிலையான பதிப்பாக வந்தது. பழைய லொக்4ஜே 1க்கு 2015 ஓகஸ்டில் ஆதரவு நிறுத்தப்பட்டது. அதை இன்னும் வைத்திருப்பவர்கள் இந்த ஒப்பீட்டை வாசிக்க முதல் அதைக் கழற்ற வேண்டும்.

எதைத் தெரிவு செய்தாலும் கோடில் எஸ்எல்எஃப்4ஜேயை மட்டும் கூப்பிடுங்கள். அது லொக் எழுதும் லைப்ரரி இல்லை. பின்னால் எது எழுதுகிறது என்பதை மறைத்து வைக்கும் ஒரு முகப்பு, அவ்வளவுதான். கிளாஸ்களில் லொக்4ஜேயின் இம்போர்ட்டோ லொக்பேக்கின் இம்போர்ட்டோ நேரடியாக வராவிட்டால், இன்று எடுக்கும் முடிவை இரண்டு வருடம் கழித்து மாற்ற டிபென்டென்சிகளையும் (சேர்த்துக்கொள்ளும் லைப்ரரிகளையும்) ஒரு கொன்ஃபிக் கோப்பையும் தொட்டால் போதும்.

ஸ்பிரிங் பூட் லொக்பேக்கோடுதான் வருகிறது. நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் இன்ஃபோ (சாதாரண தகவல்) லெவலும் அதற்கு மேலுள்ள எச்சரிக்கை, பிழை வரிகளும் கொன்சோலில் விழும், கோப்பு எதுவும் உருவாகாது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் 10 எம்பி ஆனதும் புதிய கோப்புக்கு மாறும், பழையவற்றை 7 நாட்கள் வைத்திருக்கும். ஆரம்பத்துக்கு இது நல்ல நிலை. லொக்4ஜே 2க்கு மாற வேண்டுமென்றால் லொகிங் ஸ்டார்ட்டரை (லைப்ரரிகளைச் சேர்க்கும் தொகுப்பை) விலக்கிவிட்டு லொக்4ஜே2 ஸ்டார்ட்டரைச் சேர்க்க வேண்டும். சொல்வது சுலபம். வேறு ஏதாவது ஒரு லைப்ரரி பின்கதவால் லொக்பேக்கைத் திரும்பக் கொண்டுவந்தால், எஸ்எல்எஃப்4ஜே “ஒன்றுக்கு மேற்பட்டவை கிடைத்தன” என்று எச்சரித்துவிட்டு ஒன்றைத் தானே தெரிவு செய்யும். உங்கள் கொன்ஃபிக் கோப்பு அங்கேயே இருக்கும், அதை யாரும் வாசிக்க மாட்டார்கள். மாறுகிற டீம் மேவன் என்ற பில்ட் கருவி காட்டும் டிபென்டென்சி மரத்தை ஒருமுறை வரி வரியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

பாதுகாப்பு

லொக்4ஜே என்றதும் பலருக்கு 2021 டிசம்பர்தான் ஞாபகம் வரும். நியாயம்தான். ஆனால் அன்று உண்மையில் நடந்தது என்ன என்று தெரிந்து வைத்துக்கொண்டு முடிவெடுப்பது நல்லது. லொக்4ஜே 2, லொக் செய்தியின் உள்ளே வரும் டொலர் அடையாளமும் வளைவடைப்பும் கொண்ட சில தொடர்களைத் தானே விரித்துப் பொருள் கண்டது. அதில் ஜேஎன்டிஐ (பெயரை வைத்து வெளியில் பொருள்களைத் தேடும் ஜாவா வசதி) முகவரி ஒன்று இருந்தால், அந்த முகவரிக்குப் போய், அங்கிருந்து வருவதை எடுத்து இயக்கக்கூடிய நிலையில் இருந்தது. பிரவுசர் அனுப்பும் யூசர் ஏஜென்ட் போன்ற ஒரு சாதாரண ஹெடரை லொக் பண்ணுவதே போதும். வெளியாள் ஒருவர் எங்கிருந்தோ உங்கள் சர்வரில் தன் கோடை ஓட்டலாம். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலான சிவிஈயில் சிவிஈ-2021-44228 என்ற இலக்கத்தோடு, பத்துக்குப் பத்து என்ற கடுமை அளவோடு அது வெளியானது. 2.15.0இல் தொடங்கி 2.17.1 வரை அடுத்தடுத்து நான்கு திருத்தங்கள் வந்தன. 2.16.0இலேயே செய்திக்குள் விரிக்கும் அந்த வசதி முழுதாக எடுக்கப்பட்டுவிட்டது.

லொக்பேக்கில் அந்த ஓட்டை இருக்கவில்லை. ஆனால் அதே மாதத்தில் அதற்கும் ஒரு சிவிஈ வந்தது. கொன்ஃபிக் கோப்பை மாற்றும் உரிமை ஏற்கெனவே உள்ள ஒருவர்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்பதால் ஆபத்து மிகக் குறைவு. இன்றைய லொக்4ஜே 2ஐ அந்த ஒரு மாதத்தை வைத்து ஒதுக்கிவிடுவது சரியில்லை என்பதே என் கருத்து. அதே நேரம், அதில் வசதிகள் அதிகம். கொன்ஃபிக் கோப்பில் எதை எதையெல்லாமோ இணைக்கலாம். பாவிக்காத வசதியையும் அப்டேட் பண்ணிக் காப்பாற்ற வேண்டும் என்ற செலவு அதோடு சேர்ந்தே வருகிறது. மூன்று நான்கு பேர் கொண்ட டீமுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வேகம்

அசின்க் லொகர்களில், அதாவது வரியைப் பின்னணியில் எழுதுவதில், லொக்4ஜே 2 வேகமானது. எல்மேக்ஸ் டிஸ்ரப்டர் என்ற லைப்ரரியைச் சேர்த்தால், பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) சேர்ந்து எழுதும்போது அதன் பலம் தெரியும். நம் பஸ் அப்ளிகேஷனில் ஒரு சீட்டைப் பதிவு செய்ய டேட்டாபேஸுக்குப் பல தடவை போகிறோம், வங்கியின் கட்டண வாசலுக்கு ஒரு தடவை போகிறோம். அதெல்லாம் மில்லி செக்கன்கள், சில நேரம் செக்கன்கள். லொக் வரி ஒன்று எடுப்பது மைக்ரோ செக்கன்கள். அந்த மைக்ரோ செக்கனைக் குறைப்பதால் பயணிக்கு எந்த வித்தியாசமும் தெரியப்போவதில்லை.

எந்த லைப்ரரியாக இருந்தாலும் வேகத்தைக் கெடுப்பது பேட்டர்னில் (லொக் வரியின் வடிவத்தில்) போடும் வரி இலக்கமும் மெதட் பெயரும்தான். அவற்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு தடவையும் ஸ்டேக்கை (மெதட்கள் ஒன்றையொன்று கூப்பிட்ட வரிசையை) நடந்து பார்க்க வேண்டும். லொக்4ஜேயின் அசின்க் லொகரில் இது தானாகவே அணைந்திருக்கும், கேட்டால்தான் வரும். லொக்பேக்கின் அசின்க்கிலும் அப்படித்தான், ஆனால் நேரடியாக எழுதும்போது பேட்டர்னில் எழுதினாலே வந்துவிடும். லொகரின் பெயர் போதும், மற்றதை எடுத்துவிடுங்கள்.

க்யூ நிறைந்தால் என்ன நடக்கும்?

என்னைக் கேட்டால், ஒப்பிட வேண்டிய முக்கியமான இடம் இதுதான். வரியை டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை பயணியின் ரிக்வெஸ்ட்டை நிறுத்தி வைக்காமல் இருக்கத்தான் அசின்க். வரி முதலில் நினைவகத்தில் உள்ள க்யூவில் விழும், வேறொரு த்ரெட் எடுத்து எழுதும். டிஸ்க் மெதுவாகி க்யூ நிறையத் தொடங்கினால்?

லொக்பேக்கின் அசின்க் அப்பெண்டரில் (அப்பெண்டர் என்பது வரியைக் கொண்டுபோய் எழுதும் பகுதி) க்யூவின் இயல்பான அளவு 256. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடம் மிஞ்சியதும், முக்கியத்துவம் குறைந்த ட்ரேஸ், டீபக், இன்ஃபோ வரிகளைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். வோர்னும் எரரும் மட்டும் உள்ளே போகும். அதுவும் நிறைந்தால்தான் ரிக்வெஸ்ட் காத்திருக்கும். லொக்4ஜே 2இன் அசின்க் லொகரில் இடம் சாதாரணமாக 262,144. அது நிறைந்தாலும் எதையும் எறியாது, எழுத வந்த த்ரெட்டைக் காத்திருக்க வைக்கும். எறிய வேண்டுமென்றால் நீங்களே எழுதிக் கேட்க வேண்டும்.

இப்போது பொங்கலுக்கு முந்திய நாள் இரவு, லொக்பேக்கின் அந்த அசின்க் அப்பெண்டரோடு ஓடுகிறோம். கவுண்டரிலிருந்து போன் வருகிறது: “அண்ணா, 14ஆம் சீட்டை ரெண்டு பேருக்கு அடிச்சிருக்கு. ரெண்டு பேரும் டிக்கெட்டோட இங்க நிக்கினம். ஆர் முதல் காசு கட்டினது எண்டு பார்த்துச் சொல்லுங்கோ.” லொக்கைத் திறந்தால் காலைப் பதிவுகள் எல்லாம் வரிசையாக இருக்கும். நெரிசல் கூடிய அந்த இருபது நிமிடத்தில் “சீட் பிடிக்கப்பட்டது”, “கட்டணம் கிடைத்தது” என்ற இன்ஃபோ வரிகள் விட்டு விட்டுக் காணாமல் போயிருக்கும். எரர் வரிகள் மட்டும் ஒழுங்காக இருக்கும். சிஸ்டம் ஓய்ந்திருந்த நேரத்துக்கு முழு விவரம், திணறிய நேரத்துக்கு அரைகுறை விவரம். தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்!

ஸ்பிரிங் பூட் தானாக அசின்க்கைப் போடுவதில்லை. கொப்பி பண்ணி வந்த எக்ஸ்எம்எல் கோப்புத்தான் பெரும்பாலும் இதைக் கொண்டுவருகிறது. உங்கள் கோப்பில் அசின்க் அப்பெண்டர் இருந்தால் டிஸ்கார்டிங் த்ரெஷோல்ட் என்ற அமைப்பைத் தேடுங்கள். எழுதப்படாமல் இருந்தால் எறிதல் நடக்கிறது என்று பொருள். அதைப் பூச்சியமாக்கினால் நின்றுவிடும். க்யூவையும் சில ஆயிரங்களுக்குக் கூட்டுங்கள். நெவர் ப்ளொக் என்பதை இயக்கினால் க்யூ நிறைந்ததும் எரர்கூட விழுந்துவிடும் என்பதை அறிந்தே இயக்குங்கள்.

அசின்க் இல்லாமலே இருந்தால் என்ன? இந்த அளவு அப்ளிகேஷனுக்கு அதையே முதலில் சொல்வேன். நேரடியாக எழுதட்டும். அளந்து பார்த்து, லொக் எழுதுவதால்தான் தாமதம் என்று தெரிந்த பிறகு அசின்க்கைச் சேர்க்கலாம். அப்புறம், யார் முதலில் காசு கட்டியது என்ற கேள்விக்கான பதில் லொக்கில் மட்டும் இருக்கக்கூடாது. அது டேட்டாபேஸில் தனி டேபிளில், நேரத்தோடு இருக்க வேண்டிய தகவல். சர்வரைப் பலவந்தமாக நிறுத்தினால் க்யூவில் இருந்தது எந்த லைப்ரரியிலும் போய்விடும்.

தமிழ்ப் பெயர்களும் கொழும்பு நேரமும்

ஆங்கில வழிகாட்டிகளில் இது அவ்வளவாக வராது, நமக்கு நாளாந்தம் தேவை. ஜாவா 17 அல்லது அதற்கு முந்திய பதிப்பு, லொகேல் (மொழி அமைப்பு) எதுவும் அமைக்காத கன்டெய்னர் இமேஜ் (அப்ளிகேஷனையும் அதற்குத் தேவையானதையும் ஒன்றாகக் கட்டிய பொதி), என்கோடரில் சார்செட் (எழுத்துக்குறி முறை) எழுதாத கொன்ஃபிக். இந்த மூன்றும் சேர்ந்தால் சிவகுமார் என்ற பயணியின் பெயர் லொக்கில் இப்படி விழும்:

passenger=????????? seat=14

ஐந்து எழுத்துக்கு ஒன்பது கேள்விக்குறி, ஏனென்றால் உயிர்க்குறிகளும் புள்ளியும் யுனிகோடில் தனித்தனிக் குறிகள். இப்படி விழுந்ததை மீட்க வழியே இல்லை. ஜாவா 18இலிருந்து, தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 சார்செட் இயல்பாகிவிட்டதால் கரைச்சல் குறைந்திருக்கிறது. ஆனாலும் லொக்பேக்காக இருந்தாலும் லொக்4ஜேயாக இருந்தாலும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதி வைப்பது ஒரு வரி வேலைதான். எழுதிவிடுங்கள்.

பெயரை வைத்து லொக்கில் தேடுவதையும் நம்ப வேண்டாம். ‘கோ’ என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுதான், தேடலில் இரண்டும் வேறு. பதிவு இலக்கத்தை எம்டிசியில் (லொக் வரிகளோடு சேர்க்க வேண்டிய தகவலை வைக்கும் இடத்தில்) போட்டு ஒவ்வொரு வரியிலும் வரச் செய்தால் அதைக்கொண்டு தேடலாம். எம்டிசி த்ரெட்டோடு ஒட்டியிருப்பது, அதனால் ரிக்வெஸ்ட் முடிந்ததும் ஃபில்டரில் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பயணியின் வரியில் முந்தியவரின் இலக்கம் வரும். இதில் இரு லைப்ரரிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நேரம்: இலங்கையில் உட்கார்ந்திருக்கும் நாம், மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள க்ளவுட் சர்வரின் லொக்கை வாசிக்கிறோம். சர்வர் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். நள்ளிரவு 12.10க்கு வந்த பதிவு, அங்கே முந்திய நாள் 18.40. நாளுக்கொரு கோப்பு என்று வைத்திருந்தால் கோப்பு மாறுவது நம் காலை 5.30க்கு. இரவு பஸ்ஸுக்கு இது வசதிகூட, ஒரே இரவு இரண்டு கோப்பாக உடையாது! எந்த நேரத்தில் எழுதினாலும் சரி, யுடிசியிலிருந்து உள்ள வித்தியாசத்தையும் கூடவே எழுதுங்கள்: +05:30 அல்லது, யுடிசியே என்றால், இஸட் (Z). ஸ்பிரிங் பூட் 3 இதைத் தானாகவே செய்கிறது. 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரமே +06:00 ஆக இருந்தது. வித்தியாசம் எழுதாத பழைய பதிவுகளை இறக்குமதி செய்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கோப்பா, கொன்சோலா?

சொந்த சர்வர் என்றால் கோப்பு. எத்தனை நாள் வைத்திருப்பது என்ற மெக்ஸ் ஹிஸ்டரி மட்டும் போதாது, மொத்த அளவுக்கு எல்லை போடும் டோட்டல் சைஸ் கேப்பையும் சேர்த்து எழுதுங்கள், ஒரு மோசமான நாள் டிஸ்க்கை நிரப்பாமல் இருக்க. கன்டெய்னர்களை ஓட்டும் டொக்கர் என்றால் கொன்சோல். ஆனால் டொக்கர் இயல்பாகப் பாவிக்கும் ஜேசன்-ஃபைல் முறைக்கு அளவு எல்லையே கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்ளிகேஷனின் லொக்பேக் கோப்பில் எவ்வளவு வடிவாக எல்லை போட்டிருந்தாலும், டொக்கர் தன் பக்கம் எழுதிக்கொண்டே போகும். எல்லையை டொக்கரின் அமைப்பில் போட வேண்டும். பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் என்றால் ஒரு கன்டெய்னருக்கு 10 எம்பி வீதம் ஐந்து கோப்புகள் என்று தானாகப் பார்த்துக்கொள்ளும்.

லொக்குகளைச் சேகரிக்கும் சேவைக்கு அனுப்புவதென்றால், தகவலைப் புலம் புலமாகப் பிரித்து எழுதும் ஜேசன் வடிவம் நல்லது. பயணி ஒருவர் பெயர்ப் பெட்டியில் புதிய வரி அடையாளத்தை நுழைத்து, போலி லொக் வரி உருவாக்கும் தந்திரமும் இதில் பலிக்காது. லொக்4ஜே 2 தானே ஜேசன் டெம்ப்ளேட் லேஅவுட்டைத் தனி ஜாராகத் தருகிறது, நன்றாகவும் இருக்கிறது. லொக்பேக்குக்கு லொக்ஸ்டாஷ் என்கோடர் என்ற வெளி லைப்ரரியைத்தான் நெடுங்காலம் பாவித்தோம். 2024 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3.4 அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் ஜேசனைத் தருகிறது, இரு லைப்ரரிகளுக்கும். இந்த விஷயத்தில் லொக்4ஜேக்கு இருந்த முன்னிலை அத்தோடு போய்விட்டது.

அளவையும் கணக்குப் பாருங்கள். ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 1 கேபி வீதம் 20 வரி, நாளொன்றுக்கு 50,000 ரிக்வெஸ்ட் என்றால் நாளுக்கு 1 ஜிபி. சேவைகள் ஜிபி கணக்கில், டொலரில் அறவிடுகின்றன. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐ எட்டியபோது, லொக் வரி ஒன்றும் கூடாமலே அந்த பில் கூடியது. இன்ஃபோவில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது ஒரு பெக்கேஜை மட்டும் டீபக்குக்கு மாற்றுவதே சிக்கனம். ஓடும் அப்ளிகேஷனைக் கவனிக்க வெப் வாசல் திறக்கும் ஸ்பிரிங்கின் அக்சுவேட்டரால், சர்வரை நிறுத்தாமல் அதைச் செய்யலாம். அந்த வாசலுக்குக் கட்டாயம் பூட்டுப் போடுங்கள்.

அடையாள அட்டை இலக்கம்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, லொக்கில் என்ன கிடக்கிறது என்று கேட்பது டெவலப்பரின் வேலையாகவும் ஆகிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பிக் கொடுத்த ஒருவரின் தேசிய அடையாள அட்டை இலக்கம் லொக் கோப்பில் மாதக்கணக்கில் கிடப்பது நியாயமில்லை. பிரச்சினை பெரும்பாலும் ஓர் அப்பாவி வரியில் இருக்கும்: வந்த ரிக்வெஸ்ட் ஒப்ஜெக்டை அப்படியே லொக்குக்குக் கொடுப்பது. ஜாவா ரெகோர்ட் (தரவை வைத்திருக்கவே எழுதும் கிளாஸ்) என்றால் அதன் எல்லாப் புலங்களையும் தானே எழுதிவிடும், பெயர், போன், அடையாள அட்டை எல்லாம்.

இரு லைப்ரரிகளிலும் பேட்டர்ன் வைத்து மறைக்கலாம். பழைய இலக்கம் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், அதைப் பிடிப்பது சுலபம். புதியது வெறும் 12 இலக்கம். அதைப் பிடிக்கப் போனால் கட்டண இலக்கமும் சேர்ந்து மறைந்துபோகும். எனவே மறைப்பதைக் கடைசி வலையாக மட்டும் வைத்து, எழுதும் இடத்திலேயே பதிவு இலக்கத்தை மட்டும் கொடுங்கள்.

சரி, எதை எடுப்பது? பஸ் அப்ளிகேஷனுக்கு லொக்பேக்கை விட்டு விலக எனக்கு ஒரு காரணமும் இல்லை. லொக்4ஜே 2ஐ நான் எடுப்பது இரண்டு இடங்களில். ஒன்று, பங்குச்சந்தை ஆர்டர்களைப் போல இடைவிடாமல் வந்து குவியும், ஒவ்வொரு வரியும் எழுதப்பட்டே ஆக வேண்டிய அப்ளிகேஷன். மற்றது, நிறுவனங்களின் சிஸ்டங்களை இணைக்கும் டபிள்யூஎஸ்ஓ2 போன்ற தயாரிப்புகளோடு சேர்ந்து ஓடும் இடம். அவை ஏற்கெனவே லொக்4ஜே 2இல்தான் இருக்கின்றன. அங்குள்ள ஒப்பரேஷன்ஸ் ஆட்களுக்கு அந்தக் கோப்பு கைவந்தது. இரவில் லொக் லெவலை மாற்றப் போகிறவர்கள் அவர்கள்தான், ஆகவே அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.